தொட்டியை மீறி வளர்ந்த சக்குலன்ட்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பல வருடம் ஒரே தொட்டியில் இருந்து சாய்ந்துபோன, நெருக்கியடித்துப்போன சதைப்பற்றுச் செடிகளை (சக்குலன்ட்) என்ன செய்வது என்பதுதான் அது. நிறையப் பேருக்குக் கத்தியை வைக்கத்தான் பயம். உண்மையில் இந்தச் செடிகள் வெட்டினால் சாவதில்லை. வெட்டிய புண் காய்வதற்குள் தண்ணீர் பட்டால்தான் சாகின்றன. கீழே உள்ள பதில்களில் எங்கெல்லாம் “காயவிடுங்கள்” என்று வருகிறதோ, அங்கே அவசரப்படாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஜேட் செடி எட்டு வருடமாக ஒரே தொட்டியில் இருக்கிறது. இரண்டரை அடி உயரம். கிளைகள் கனம் தாங்காமல் தொங்குகின்றன. ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து தொட்டியே கவிழப் பார்க்கிறது. அடித்துளை வழியாக வேரும் வெளியே வந்துவிட்டது. முதலில் கிளையை வெட்டுவதா, தொட்டியை மாற்றுவதா? இரண்டையும் ஒன்றாகச் செய்தால் செடி தாங்குமா?

பதில்: தாங்கும். முதலில் வெட்டு, பிறகு தொட்டி. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். கிளைகளைக் குறைக்காமல் தொட்டியிலிருந்து எடுக்கப் போனால், மேல்பாரத்தில் நீங்கள் பிடித்த இடத்திலேயே கிளை முறியும். அடியில் வேரைக் குறைக்கும்போது மேலே இலையும் குறைந்திருந்தால், மிஞ்சிய வேருக்குச் சுமையும் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் இடைவெளி விடச் சொல்பவர்கள் உண்டு. ஆரோக்கியமான ஜேடுக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. வேர் அழுகியிருந்தால் மட்டும் முறை வேறு. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

செடி வளரத் தொடங்கும் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிர் விட்டு, இரவு வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத நாட்கள் ஏற்றவை. கடும் குளிரிலும் கொளுத்தும் வெயிலிலும் ஜேட் வளர்ச்சியை நிறுத்திவிடும். அப்போது வெட்டினால் புண் ஆறவும் தளிர் வரவும் மாதக்கணக்கில் ஆகும். மழை விடாமல் பெய்யும் வாரங்களும் வேண்டாம்.

நாள் குறித்ததும், அதற்கு 7 முதல் 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். நீர் நிறைந்த ஜேட் இலையும் கிளையும் கண்ணாடி போல. தொட்டாலே படக்கென்று ஒடியும். சற்று வாடினால் வளைந்துகொடுக்கும். மண்ணும் காய்ந்திருந்தால் வேரிலிருந்து உதிர்ந்து வரும், சேறாக ஒட்டாது.

கத்திரியைக் கழுவித் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் அலகைத் துடையுங்கள். 100 சதவீதம் இன்னும் நல்லதாயிற்றே என்று தோன்றும். ஆனால் அது நொடியில் ஆவியாகிவிடும். கிருமியைக் கொல்ல அதற்கு நேரம் இருக்காது. கொஞ்சம் தண்ணீர் கலந்ததுதான் வேலை செய்யும்.

இப்போது தண்டை அருகில் வைத்துப் பாருங்கள். மோதிரம் மாட்டியது போல, தண்டைச் சுற்றி மெல்லிய கோடுகள் தெரியும். முன்பு ஒரு ஜோடி இலை இருந்து உதிர்ந்த இடம் அது. அதுதான் கணு. கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். கணுவுக்கு மேலே 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் அந்த இரண்டு மொட்டும் விழித்து, ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு கிளை வரும். ஒட்ட வெட்டினால் புண் காய்ந்து சுருங்கும்போது மொட்டும் சேர்ந்து காய்ந்துவிடும். மேலே விட்ட அந்தச் சிறு குச்சி சில வாரங்களில் சருகாகித் தானே கழன்று விழும். பிய்த்து எடுக்காதீர்கள்.

எந்தக் கணுவில் வெட்டுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜேடில் ஒரு ஜோடி இலை கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி வடக்கு தெற்காக இருக்கும். அப்படியே மாறி மாறிப் போகும். மொட்டு பார்க்கும் திசையில்தான் புதுக்கிளை நீளும். ஆகவே ஒரு கணுவின் மொட்டுகள் செடியின் நடுவை நோக்கி இருந்தால், ஒரு கணு மேலேயோ கீழேயோ தள்ளி வெட்டுங்கள். கிளைகள் பக்கவாட்டில் பிரியும். இந்த ஒன்றைக் கவனித்தாலே அடுத்த இரண்டு வருடத்தில் செடியின் உருவம் மாறிவிடும்.

தொங்கும் கிளைகள், உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளைகள், சாய்ந்த பக்கத்தின் நீளமான நுனிகள் என்ற வரிசையில் எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இரண்டடி பின்னால் போய்ப் பாருங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். கட்டைவிரலைவிடத் தடித்த கிளையாக இருந்தால், முதலில் அடிப்பக்கம் கால்வாசி ஆழம் வெட்டிவிட்டு, பிறகு மேலிருந்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் கிளை தன் கனத்தில் சாயும்போது தண்டின் தோலை நீளமாக உரித்துக்கொண்டு போகும். பெரிய வெட்டுகள் சற்றுச் சரிவாக இருக்கட்டும், தண்ணீர் தங்காது. மேலே பசையோ மெழுகோ பூசாதீர்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும்.

அடுத்தது தொட்டி. ஒரு துணியை விரித்துத் தொட்டியைப் படுக்கவையுங்கள். நீளமான கத்தியை உட்சுவரை ஒட்டி ஒரு சுற்று விட்டு, அடித்துளை வழியாகக் குச்சியால் தள்ளுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் வேர் அறுந்து தண்டு மட்டும் கையோடு வரும். துளை வழியாக வெளியே வந்த வேர்களைத் தயங்காமல் வெட்டிவிடலாம். வாய் குறுகிய, வயிறு பெருத்த தொட்டியாக இருந்தால் தொட்டியை உடைப்பதுதான் வழி. செடியைவிடத் தொட்டி முக்கியமென்றால், வேர்க்கட்டியைத் தொட்டிக்குள்ளேயே பல்வாள் கத்தியால் சுற்றிக் குறைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்த வேர்க்கட்டி தொட்டியின் அச்சாக இருக்கும், வெளிப்புறம் முழுக்க வேர் சுற்றியிருக்கும். மழுங்கிய குச்சியால் அடியிலிருந்து மேலாக, சிக்கெடுப்பது போல மெல்ல அவிழுங்கள். அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். ஆரோக்கியமான வேர் வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் உறுதியாக நிற்கும். அழுகிய வேரை விரல்களுக்கிடையே இழுத்தால் கறுத்த தோல் உறையாகக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவை எல்லாம் வெளியே போகட்டும்.

புதுத் தொட்டி வேர்க்கட்டியைவிட 3 முதல் 4 செ.மீ. மட்டும் அகலமாக இருந்தால் போதும். இனி மாற்றவே வேண்டாம் என்று இரண்டு மடங்கு பெரிய தொட்டியில் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. வேர் எட்டாத மண்ணில் ஊற்றிய தண்ணீரைக் குடிக்க ஆளில்லை. அது வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்து வேரை அழுகச் செய்யும். ஜேடின் வேர் ஆழமாகப் போவதில்லை. அகலமான, கனமான, ஆழம் குறைந்த மண்தொட்டி அதற்கு நன்றாகப் பொருந்தும். கனம் இருந்தால் கவிழாது.

முன்பு தண்டில் மண் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் நடுங்கள். செடி நிற்கவில்லை என்று தண்டை ஆழமாகப் புதைக்காதீர்கள், புதைந்த பகுதி அழுகும். அதற்குப் பதில் தண்டைச் சுற்றி நாலைந்து கூழாங்கற்களை வைத்து அணைகொடுங்கள், அல்லது குச்சி நட்டுக் கட்டுங்கள். முதல் மாதம் செடி ஆடினால், புதிதாக விடும் நுண்வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும். சாய்வை நேராக்கவும் இதுதான் சமயம். வேர்க்கட்டியை எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்து நட்டால் தண்டு நிமிரும்.

நட்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளிச்சமுள்ள நிழலில் 5 முதல் 7 நாள் அப்படியே வையுங்கள். அதன் பிறகு, அடித்துளை வழியாக வழியும்வரை ஒரு தடவை நிறைய ஊற்றுங்கள். அடுத்த தடவை, மூங்கில் குச்சியை அடிவரை குத்தி எடுத்தால் மண் ஒட்டாமல் உலர்ந்து வர வேண்டும், அப்போதுதான். உரம் இரண்டு மாதம் கழித்து.

முதல் இரண்டு வாரத்தில் இலைகள் சுருங்கும், சில உதிரும். பலரும் இதைப் பார்த்துப் பதறித்தான் தண்ணீர் ஊற்றிச் செடியைக் கெடுக்கிறார்கள். சுருங்கிய இலை மீண்டுவிடும். மஞ்சளாகிக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் இலைதான் அதிகத் தண்ணீரின் அடையாளம். வெதுவெதுப்பான பருவமாக இருந்தால் மூன்று நாலு வாரத்தில் வெட்டிய கணுக்களில் குண்டூசித் தலை அளவு பச்சைப் புள்ளிகள் தெரியத் தொடங்கும்.

கேள்வி: வேரோடு பிடுங்கி ஒரு வாரம் தண்ணீரில்லாமல் வைத்தால் எந்தச் செடியும் செத்துவிடுமே, சக்குலன்ட் மட்டும் எப்படித் தாங்குகிறது?

பதில்: இரண்டு காரணம். இலையிலும் தண்டிலும் அதற்குச் சொந்தமாகத் தண்ணீர்ச் சேமிப்பு இருக்கிறது. அந்தச் சேமிப்பை வீணாக்காத ஏற்பாடும் இருக்கிறது. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அதே துளை வழியாக நீராவி வெளியேறும். ஜேட் போன்றவை பகலில் துளைகளை மூடிவைத்து, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் எடுத்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கின்றன. இந்த முறைக்குத் தாவரவியலில் ‘கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம்’ என்று பெயர். ஜேட் சேர்ந்த கிராசுலேசி குடும்பத்தின் பெயர்தான் அது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட, பாறை நிறைந்த சரிவுகளில் வளர்ந்த செடிக்கு இந்த ஒரு வாரம் ஒரு பொருட்டே இல்லை. ஆறாத புண்ணோடு ஈர மண்ணில் உட்காருவதைத்தான் அதனால் தாங்க முடியாது.

கேள்வி: மண்கலவை எப்படிச் செய்வது? தொட்டியின் அடியில் ஜல்லி போட வேண்டுமா?

பதில்: ஜல்லி வேண்டாம். தண்ணீர் வடியும் என்று நம்பித்தான் எல்லோரும் போடுகிறார்கள், நடப்பது நேர் எதிர். மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்துவைக்கும். கீழே உள்ள ஜல்லியின் பெரிய இடைவெளிக்கு அது இறங்க வேண்டுமானால், மேலே உள்ள மண் முழுவதும் நிறைந்து ததும்ப வேண்டும். அதனால் ஈரத் தேக்கம் தொட்டியின் அடியில் இருப்பதற்குப் பதில் ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்து உட்காரும். துளையின் மேல் ஒரு துண்டு வலையோ வளைந்த ஓட்டுச்சில்லோ போதும், மண் கொட்டாமல் இருக்க மட்டும்.

கலவைக்கு: பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) அல்லது பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளைக் கல்துகள்) 2 பங்கு, 3 முதல் 5 மி.மீ. அளவுள்ள கரடுமணல் 1 பங்கு, நன்றாக மக்கிய உரமும் தோட்டமண்ணும் சேர்ந்து 2 பங்கு. கல் போன்ற பொருள்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மணலைச் சலித்து, தூளைக் கழித்துவிடுங்கள். பூச்சு வேலைக்கான நைஸ் மணல் இடைவெளிகளை அடைத்துச் சிமென்ட் மாதிரி இறுகும். கடல் மணலில் உப்பு. பெர்லைட் எடை குறைந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வந்துவிடும். உயரமான, தலைகனத்த செடிகளுக்கு பியூமிஸே நல்லது. கலந்ததும் ஒரு பிடி எடுத்து நனைத்து இறுக்கிப் பிடித்து விரலைத் திறங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் கல் சேர்க்க வேண்டும், உதிர்ந்தால் சரி.

தென்னை நார்த்தூள் மட்டும் நிரம்பிய தொட்டி ஒரு தடவை முழுக்கக் காய்ந்தால் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். பிறகு ஊற்றும் தண்ணீரெல்லாம் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும், நடுவில் வேர் வறண்டே கிடக்கும். ‘தினமும் ஊற்றுகிறேன், இலை சுருங்கியே இருக்கிறது’ என்று எழுதியவர்கள் இதைத்தான் முதலில் பாருங்கள். தொட்டியை அரைமணி நேரம் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டால் தற்காலிகத் தீர்வு. கலவையை மாற்றுவதே சரியானது.

கேள்வி: வெட்டிய கிளைகளைத் தூக்கிப் போட மனமில்லை. உடனே நட்டேன், பத்து நாளில் அடி கறுத்துக் கூழாகிவிட்டது. என்ன தவறு?

பதில்: ‘உடனே’ என்பதுதான் தவறு. 8 முதல் 12 செ.மீ. நீளத்துக்குத் துண்டு எடுத்து, அடியில் இரண்டு ஜோடி இலைகளை நீக்கி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பென்சில் தடிமனுக்கு 5 முதல் 7 நாள். கட்டைவிரல் தடிமனுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். வெட்டுவாய் வெளுத்து, தொட்டால் காய்ந்த அட்டை போல இருக்க வேண்டும். அதுவரை துண்டுகளைக் காலி டம்ளரில் செங்குத்தாக நிறுத்திவைத்தால் நேராக இருக்கும். படுக்கப்போட்டால் நுனி வெளிச்சத்தை நோக்கி நிமிர்ந்து, துண்டு கொக்கி போல வளைந்துவிடும்.

பிறகு, காய்ந்த கலவையில் 3 செ.மீ. ஆழத்தில் நட்டு, இன்னும் ஒரு வாரம் கழித்து லேசாக நனையுங்கள். மூன்று நாலு வாரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடி இருந்தால் வேர் விட்டுவிட்டது, அதன் பிறகே தாராளமாகத் தண்ணீர். வேரூக்கிப் பொடி ஜேடுக்குத் தேவையே இல்லை.

இலையிலிருந்தும் செடி வரும். இலையைக் கீழ்நோக்கி இழுக்காமல், இட வலமாக மெல்ல அசைத்துக் கழற்றுங்கள். தண்டோடு ஒட்டியிருந்த அந்தக் குவிந்த அடி முழுதாக வர வேண்டும், பாதி இலைக்கு அந்த உயிர்ப்பு கிடையாது. இரண்டு நாள் உலர்த்தி, மண்ணின் மேல் வெறுமனே வைத்தால் போதும். மூன்று நாலு வாரத்தில் அடியில் இளஞ்சிவப்பு நூல் போல வேரும், அதையடுத்து மிளகு அளவில் குட்டிச் செடியும் வரும். தாய் இலை குட்டிக்கு ஊட்டிவிட்டுத் தானே சருகாகும், முன்னதாகப் பிய்க்கக் கூடாது. ஜேட், எச்சிவேரியா, சீடம் ஆகியவற்றுக்கு இது பலிக்கும். கற்றாழை இலையை எத்தனை நாள் வைத்தாலும் அழுகத்தான் செய்யும்.

கேள்வி: ரோஜாப்பூ வடிவில் வாங்கிய எச்சிவேரியா இப்போது கொக்கின் கழுத்து மாதிரி நீண்டுவிட்டது. வெயிலில் வைத்தால் பழையபடி ஆகுமா?

பதில்: நீண்ட தண்டு இனிச் சுருங்காது. வெளிச்சம் போதாமல் வெளிச்சத்தைத் தேடி நீண்டது அது. வெயில் இனி வரும் இலைகளைத்தான் நெருக்கமாக்கும். ஆகவே தலையை வெட்டி மறுபடி நட வேண்டும்.

பூப்போன்ற தலைக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. தண்டு இருக்கும்படி வெட்டுங்கள். கத்தி நுழைய இடமில்லாத அளவு இலை நெருக்கமாக இருந்தால், மெல்லிய நைலான் நூலை இலைகளுக்கு நடுவே தண்டைச் சுற்றிப் போட்டு, இரு முனையையும் குறுக்காக இழுங்கள். வெண்ணெயில் இறங்குவது போல அறுத்துக்கொண்டு வரும். தலையை ஒரு காலி டம்ளர் வாயில் உட்காரவைத்து ஒரு வாரம் காயவிடுங்கள். சில சமயம் அங்கேயே வேர் எட்டிப் பார்க்கும், அப்போது நடலாம்.

மிஞ்சிய மொட்டைத் தண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் நாலைந்து இலைகளை விட்டுவைத்து, அதே தொட்டியில் தண்ணீரைக் குறைத்து வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் இலை உதிர்ந்த தழும்புகளுக்கு மேலே குட்டிகள் கொத்தாக வரும். எங்களுக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டமே இதுதான், ஒன்று நாலாகும். குட்டி 3 செ.மீ. அகலமானதும் பிரித்து நடலாம்.

வெட்டி நட்ட பின் வெளிச்சத்தை மாற்றாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி கழுத்து நீளும். அதற்காக வீட்டுக்குள் இருந்ததை நேரே உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இலை வெந்து பழுப்புத் தழும்பாகும், அந்தத் தழும்பு அந்த இலை உதிரும்வரை போகாது. முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல மூன்று நாலு மணி நேரம்.

கேள்வி: கற்றாழைத் தொட்டி முழுக்கக் குட்டிகள். தாய்ச்செடியே தெரியவில்லை. எப்போது பிரிக்கலாம்?

பதில்: குட்டி, தாயின் உயரத்தில் நாலில் ஒரு பங்காவது வளர்ந்து, சொந்த வேர் விட்டிருந்தால் பிரிக்கலாம். மொத்தக் கட்டியையும் வெளியே எடுத்து மண்ணை உதறிப் பாருங்கள். தாயையும் குட்டியையும் இணைக்கும் வெளிறிய தண்டு தெரியும். கையால் பிய்த்தால் புண் பெரிதாகும், கத்தியால் வெட்டுங்கள். வெட்டுவாயில் மஞ்சள் பால் கசியும். சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை நல்லது. மூன்று நாள் உலர்த்தி நடுங்கள். வேரில்லாத குட்டி வந்துவிட்டால் வீணில்லை, பத்து நாள் உலர்த்தினால் அதுவும் பிடிக்கும்.

கற்றாழையைப் போன்ற சிறிய சக்குலன்டான ஹவோர்த்தியாவுக்கும் இதே முறைதான். அதன் தடித்த வேர்களில் சில வருடாவருடம் செத்து உள்ளீடற்ற குழலாகும், புது வேர் வரும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம், காய்ந்த குழல்களை மட்டும் உருவி எடுங்கள்.

கேள்வி: மஞ்சள் விளிம்புள்ள ஸ்னேக் பிளான்ட் இலையை வெட்டி நட்டேன். வந்த குட்டிகள் எல்லாம் வெறும் பச்சை. ஏன்?

பதில்: அந்த மஞ்சள் விளிம்பு, ஒரே செடிக்குள் இருவேறு வகைத் திசுக்கள் அடுக்காக இருப்பதால் வருவது. இலைத்துண்டிலிருந்து புதிதாக உருவாகும் மொட்டு உள்ளிருக்கும் பச்சைத் திசுவிலிருந்தே கிளம்புகிறது, அதனால் விளிம்பு தொலைந்துவிடுகிறது. மஞ்சள் வேண்டுமென்றால் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டை, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று இலை இருக்கும்படி வெட்டிப் பிரிப்பதே வழி. அந்தத் தண்டு நெருக்கடி அதிகமானால் பிளாஸ்டிக் தொட்டியைப் பிளந்துகொண்டே வெளியே வரும். தொட்டியின் வட்டம் கோணலாகத் தெரிந்தால் பிரிக்கும் காலம் வந்துவிட்டது.

கேள்வி: ஆறடி உயரக் கள்ளிச்செடியை வெட்டலாமா? பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்கிறார்களே?

பதில்: ஆபத்துதான், அலட்சியம் வேண்டாம். யூஃபோர்பியா வகைக் கள்ளிகளின் வெள்ளைப்பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கடும் வலியோடு பார்வையையும் பாதிக்கும். கண்ணாடி, நீளக்கை உடை, ரப்பர் கையுறை இல்லாமல் கத்தியை எடுக்கவே கூடாது. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அருகில் இருக்கக் கூடாது. உங்கள் முகத்துக்கு மேலே இருக்கும் கிளையை அண்ணாந்து பார்த்து வெட்டாதீர்கள், ஏணியில் ஏறி மேலிருந்து வெட்டுங்கள். வெட்டியதும் குளிர்ந்த தண்ணீரை வெட்டுவாயில் பீய்ச்சினால் பால் வடிவது நிற்கும். நாலாய் மடித்த செய்தித்தாளைப் பட்டையாகச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. வெட்டிய துண்டு இரண்டு மூன்று வாரம் காய வேண்டும்.

தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். வெட்டிய செடி எது என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தொட்டி மாற்ற எடுத்தபோது வேரில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தது. பூஞ்சையா?

பதில்: பெரும்பாலும் வேர் மாவுப்பூச்சி. பஞ்சைக் குச்சியால் விலக்கிப் பாருங்கள். உள்ளே அரிசிக் குருணையைவிடச் சிறிய, மெல்ல நகரும் வெள்ளைப் பூச்சிகள் இருந்தால் சந்தேகமே இல்லை. தொட்டியின் உட்சுவரிலும் நீல வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பழைய மண்ணை முழுவதும் அகற்றி, மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். வேறு தொட்டியில் கொட்டாதீர்கள். வேரை ஓடும் தண்ணீரில் அலசி, 70 சதவீத ஆல்கஹாலைத் தெளித்து, நிழலில் மூன்று நாள் உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள். பழைய தொட்டியையே பயன்படுத்துவதாக இருந்தால் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் தப்பியிருக்கும், ஆகவே மூன்று வாரம் கழித்து ஒருமுறை செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். அதுவரை மற்ற தொட்டிகளின் தட்டிலிருந்து வழியும் தண்ணீர் இதற்கும், இதன் தண்ணீர் அவற்றுக்கும் போகாதபடி தள்ளி வையுங்கள்.

கேள்வி: தொட்டி மாற்றிய பின் இலை சுருங்கியதால் தினமும் தண்ணீர் விட்டேன். இப்போது தண்டின் அடி மெத்தென்று இருக்கிறது, இலைகள் கொட்டுகின்றன. காப்பாற்ற முடியுமா?

பதில்: மேல்பகுதி கெட்டியாக இருந்தால் முடியும், இன்றே செய்ய வேண்டும். மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்குகிறது என்றால், தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லை என்றே அர்த்தம். மேலும் ஊற்றுவது அழுகலுக்குத்தான் உணவாகும்.

செடியை வெளியே எடுத்து, மெத்தென்ற பகுதிக்கு 2 செ.மீ. மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆரோக்கியமான ஜேட் தண்டு முழுவதும் வெளிர்பச்சையாக, ஈரம் மினுங்க, வெள்ளரித் துண்டு போல இருக்கும். நடுவிலோ ஓரத்திலோ ஒரு பழுப்புப் புள்ளி, ஒரு பழுப்பு வளையம் இருந்தாலும் அழுகல் உள்ளே இன்னும் மேலே ஏறியிருக்கிறது. அலகை ஆல்கஹாலில் துடைத்து, இன்னும் 1 செ.மீ. மேலே வெட்டுங்கள். துடைக்காமல் வெட்டினால் நீங்களே அழுகலை நல்ல திசுவில் தடவுகிறீர்கள். புள்ளி சுத்தமாக மறையும்வரை இப்படியே போக வேண்டும். பாதிச் செடி போய்விடுகிறதே என்று ஒரு சிறு பழுப்பை விட்டுவிட்டால் பத்து நாளில் மிச்சப் பாதியும் போய்விடும்.

சுத்தமான வெட்டுவாயில் கந்தகப் பொடி தடவலாம், இல்லையென்றாலும் பரவாயில்லை. இந்தத் துண்டு சாதாரணத் துண்டைவிட அதிக நாள் காய வேண்டும், இரண்டு வாரம் கொடுங்கள். நடுவே மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். கறுப்பு தெரிந்தால் மறுபடி வெட்டி, நாட்களை முதலிலிருந்து எண்ணுங்கள். உதிர்ந்த இலைகளில் கெட்டியானவற்றைப் பொறுக்கி, மேலே சொன்னபடி தனியாக மண்மேல் வையுங்கள். தண்டு தப்பாவிட்டாலும் அதே செடி அவற்றிலிருந்து வரும்.